மருந்தடித்த கறிவேப்பிலை

உனக்கு எதற்கடி இந்த விசாரணை? செடியில் பூச்சி விழுந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாய். சோப்புத் தண்ணீர் தெளி, அடுப்புச் சாம்பல் தூவு, புழுவைக் கையால் பொறுக்கிப் போடு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு, "மருந்து அடிச்சா ஒரே நாள்ல போயிடுமே பாட்டி, நீங்க ஏன் அடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு கேள்வி. சட்டியின் அடி வரைக்கும் சுரண்டிப் பார்க்காவிட்டால் உனக்குச் சாப்பாடு இறங்காது போல. சரி, உட்கார். ஆனால் நடுவில் சிரிக்கக்கூடாது. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது எங்கள் எஸ்டேட் லயத்து வழக்கம். அன்றைக்குக் கேட்ட சிரிப்பை நினைத்தால் இன்னமும் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

ரிங்லெட்டுக்கு மேலே இந்தத் தேயிலை மலையில் எது வேண்டுமானாலும் வரும், கறிவேப்பிலை மட்டும் வராது. குளிர் ஆகாது அதற்கு. நான் வைத்த முதல் இரண்டு கன்றும் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்கவில்லை. மூன்றாவதை அடுப்படிச் சுவரை ஒட்டி நட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் கன்று. அந்தச் சூட்டைத் தின்றுகொண்டே அது வளர்ந்து என் தலைக்கு மேலே போய்விட்டது. லயத்துக்கே அது ஒன்றுதான் கறிவேப்பிலை மரம்.

அதனால் இலை பறிப்பதில் ஒரு முறை உண்டு. யாரும் கேட்டுப் பறிக்க மாட்டார்கள். நானும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். கேட்டு வாங்கினால் மரம் பட்டுப்போகும் என்று எப்போதோ யாரோ சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. தாளிக்கிற நேரத்துக்குப் பின்வாசல் வழியாக ஒரு கை வரும். ஒரு இணுக்கு ஒடியும் சத்தம் கேட்கும். நான் அடுப்படியில் நின்றுகொண்டே பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பறித்தவளும் பறிக்காத மாதிரியே போவாள். பார்த்துவிட்டால்தான் இருவருக்கும் சங்கடம். சில நாள் விளையாட்டுக்காக உள்ளிருந்து இருமி வைப்பேன். ஓடுகிற ஓட்டத்தில் ஒற்றைச் செருப்பு இங்கேயே கிடக்கும்.

போன வருஷம் மரத்துக்குப் பூச்சி வந்தது. கொழுந்தெல்லாம் சுருண்டுகொண்டது. இலைக்கு அடியில் மாவைத் தூவினாற்போல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. எறும்பு வரிசை கட்டி ஏறியது. அதோடு காக்கை எச்சம் மாதிரியே இருக்கிற புழு. எச்சம்தானே என்று விட்டுவிட்டால் இரண்டு நாளில் விரல் தண்டிக்குப் பச்சையாகப் பெருத்து ஒரு கொப்பையே மொட்டையடித்துவிடும். நான் பழைய பல் தேய்க்கிற பிரஷை எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, இலை இலையாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் எஸ்டேட்டில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தே காலம் கழித்தவர். வேலையை விட்ட பிறகும் வீட்டில் ஒரு பம்பு வைத்திருக்கிறார், மற்றவர்கள் மத்தளம் வைத்திருக்கிற மாதிரி.

"ஏ கெழவி, மரத்துக்குப் பல்லு வெளக்கி விடுறியா? ஒரு பம்பு அடிச்சா அத்தனையும் காலி."

"வாயில போடுற இலைங்க அது. உங்க மருந்தெல்லாம் அதுக்கிட்ட வரக்கூடாது."

"சரி லா, சரி லா" என்றார். அவர் இரண்டு தடவை சரி என்றால் ஒரு தடவைகூடச் சரி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மகன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான். அவனிடம் ரகசியமாகச் சொல்லி, காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் ஒரு சிரப்பு போத்தலில் ஊற்றி வாங்கி வைத்திருக்கிறார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. லயத்துக் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. தாப்பாவில் கட்டிக்கொடுத்த பிள்ளை, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தது. மாமியார் வீட்டு ஆட்கள் ஒரு வேனில் மலையேறி வந்துவிட்டார்கள். நான் காலையிலேயே பூவும் கண்ணாடி வளையலும் வாங்க ரிங்லெட்டுக்குப் போய்விட்டு, நல்ல வெயில் ஏறிய பிறகு திரும்பினேன்.

வாசலில் கால் வைத்ததும் அந்த வாடை. அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் சட்டையில் துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகாத வாடை. மனுஷன் டிவி முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க வாடை இது?"

"போய்ப் பாரு உன் மரத்தை. ஒரு பூச்சி உசுரோட இருந்தா என் பேரை மாத்தி வச்சுக்க."

பின்பக்கம் போனேன். மரம் தலை குளித்த மாதிரி நின்றது. வெயில் படாத இலையெல்லாம் இன்னும் ஈரம். எறும்பு செத்துக் கீழே கொட்டிக் கிடந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. சந்தோஷப்பட்டிருப்பேன், ஒரு கணம் பட்டேன் என்றும் நினைக்கிறேன். அப்போதுதான் கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு கொப்பு ஒடிந்திருப்பதைப் பார்த்தேன். ஒடிந்த இடம் பச்சையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நாலு. கீழே இரண்டு இலை உதிர்ந்து, செத்த எறும்புகளின் மேலே கிடந்தது.

இலை எறும்புக்கு மேலே கிடக்கிறது. அப்படியென்றால் எறும்பு செத்த பிறகுதான் பறித்திருக்கிறார்கள்.

"எப்ப அடிச்சீங்க?" என்று கத்தினேன்.

"பனி வெலகுனதும். ஏன்?"

"யாரு பறிச்சது?"

"எதை?"

"இலையை!"

"இலையை யாரு பறிப்பா? எதுக்குப் பறிக்கணும்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வைக்கிற ரசத்தைக் குடிக்கிறவர். இலையை ஒதுக்கி ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கிறவர். லயத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் தினமும் தன் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து போகிறார்கள் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. நாங்கள் ஒளித்துப் பறித்த பறிப்பு அப்படி. அவருக்கு மட்டுமா? எங்கள் லயத்தில் எந்த ஆம்பளையைக் கேட்டாலும் தெரியாது.

"தேயிலைக் காட்டுல மருந்தடிச்சா செவப்புக் கொடி நடுவீங்கல்ல?"

"அது காடு. கொழுந்து கிள்ளுற ஆளுங்க வருவாங்க. நம்ம வீட்டுக்குப் பின்னால யாரு வரப்போறா?"

சொல்லச் சொல்லவே அவருக்கும் புரிந்துவிட்டது. பிறகு மெதுவாக, "அது கோசுக்கு அடிக்கிறது. அடிச்சா ரெண்டு வாரத்துக்குக் கோசை வெட்ட மாட்டாங்க" என்றார்.

அவரை மரத்தின் முன்னால் நிறுத்தினேன். யார் வந்தாலும் கையை விரித்துத் தடுக்கச் சொன்னேன். கையை விரித்துக்கொண்டு சோளக்காட்டுப் பொம்மை மாதிரி நின்றார். அந்த நிலையிலும் ஏதாவது சொல்லிக் கேலி பண்ணத் தோன்றியது. ஆனால் அதற்கு நேரம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி அடுப்படியில் நின்றாள். உள்ளே ரசம் கொதிக்கிற மணம்.

"ஏ புள்ள, என் மரத்துல இலை பறிச்சியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. எத்தனையோ வருஷத்தில் நான் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"நானா? எனக்கு எதுக்குப் பாட்டி உங்க இலை? நான் பசார்ல வாங்குறேன்."

"கோவிச்சுக்காத தாயி. அதுக்கு மருந்தடிச்சிருக்கு. கோசு மருந்து. பறிச்சிருந்தா சொல்லிடு."

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். "போன வாரம் மரத்துல பாம்பு இருக்குன்னீங்க. இன்னைக்கு மருந்தா? இலை குறைஞ்சா குறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க லா, எதுக்கு இந்த நாடகம்?"

பாம்பு என்று சொன்னது உண்மைதான். அவள் ஓடுவதைப் பார்ப்பதற்காகச் சொன்ன பொய் அது.

அடுத்த வீடு. "நான் பறிக்கல பாட்டி." அதற்கடுத்த வீடு. "ஐயோ, நாங்க கறிவேப்பிலையே போடுறதில்ல." உள்ளே கடுகு பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவள் இல்லவே இல்லை என்கிறாள். திருடி என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மருந்து என்று சொன்னால் சிரிப்பு. சத்தியம் பண்ணினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. உண்மையைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

மிச்சம் இருந்தது வளைகாப்பு வீடு. அங்கே ஐந்து வகைச் சோறு கிளறிக்கொண்டிருப்பார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு, எல்லாவற்றுக்கும் தாளிப்பு. முதல் வாய் அந்தப் பிள்ளைக்கு. வயிற்றில் ஏழு மாதம். ஓடினேன் என்று சொல்லக்கூடாது, என் காலுக்கு ஓட்டம் ஏது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.

வீடு நிறைய ஜனம். பிள்ளை நடுவில் நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் சந்தனம். சோறு எல்லாம் கிளறி முடிந்து சட்டிகளில் மூடி வைத்திருந்தார்கள். ஒரு மூடியைத் தூக்கினேன். புளிச்சோற்றில் கறுத்த கறிவேப்பிலை மின்னியது.

"இலை எங்கேருந்து?" என்று பிள்ளையின் அம்மாவைக் கேட்டேன்.

அந்தம்மா இடுப்பில் கை வைத்தாள். "என் மகளுக்கு விசேஷம். வாழ்த்த வந்தீங்களா, இலைக்கு விசாரணை வைக்க வந்தீங்களா?"

"சொல்லுடி, எங்கேருந்து?"

என் குரல் எப்படி இருந்ததோ, அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். முந்தின நாள் பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், வாங்கியது. நீள நீளமான இலை, வாடியது, கீழ்நாட்டு இலை. என் மரத்து இலை குட்டையாக, நுனி சுருண்டு இருக்கும். கலந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு சட்டியிலும் கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். பிள்ளையின் மாமியார், அந்தச் சம்பந்தியம்மாள், வாயைப் பொத்திக்கொண்டாள். என் இலை ஒன்றுகூட இல்லை.

அப்பாடா என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ பக்கத்தில், "பாட்டி மூடி திறந்து பார்த்துட்டாங்க, இனி பந்தி போடலாம்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்ற வீடுகளை நினைத்து உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் பிள்ளைக்கு வளையல் போட்டுவிட்டு, ஆம்பளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போகலாம் என்று நினைத்தேன்.

பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து வலது கையைப் பிடித்து வளையல் ஏற்றினேன். முழங்கை வரைக்கும் ஏற்கெனவே சிவப்பும் பச்சையும். இடது கையைக் கேட்டேன். அது மடியில் மூடிக் கிடந்தது. "கையைக் குடு தாயி" என்று இழுத்தேன்.

சந்தனம், மல்லிகை, நெய் எல்லாவற்றையும் தாண்டி அந்த வாடை வந்தது.

விரலைப் பிரித்தேன். உள்ளே ஒரு இணுக்கு. கசங்கிப்போனது. குட்டை இலை, நுனி சுருண்டது.

"இது எப்படி உன் கையில?"

பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தது. கிசுகிசுத்தது. "கத்தாதீங்க பாட்டி, அத்தைக்குக் கேட்டுடும். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட விடல. எண்ணெய் வாடைக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. மோந்து பார்க்கத்தான் பின்னால வந்து பறிச்சேன்."

"ஈரமா இருந்துச்சுல்ல?"

"பனி ஈரம்தான?"

இந்த மலையில் இலை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

"வாயில போட்டியா?"

"ரெண்டு மூணு மென்னேன். என்னமோ கசந்துச்சு, துப்பிட்டேன்."

"முழுங்குனியாடி?"

"கொஞ்சம். ஏன் பாட்டி மொறைக்கிறீங்க? இலைய எண்ணி வச்சிருக்கீங்களா?"

எழுந்து நின்று கத்தினேன். "புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. என் மரத்துக்கு மருந்தடிச்சிருக்கு. இது தின்னுடுச்சு."

ஒருத்தரும் அசையவில்லை. சிரிப்புத்தான் வந்தது. லயத்து ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து மாமியார் வீட்டு ஆட்களும் சிரித்தார்கள். "இவங்க இப்படித்தான், எல்லா விசேஷத்துலயும் ஒண்ணு பண்ணுவாங்க" என்று பிள்ளையின் அப்பா சம்பந்திக்கு விளக்கம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி கையைத் தட்டினாள். பிள்ளையும் சிரித்தது. சிரிக்கும்போது அதன் வாயோரத்தில் எச்சில் வழிந்ததைப் பார்த்தேன். அது சும்மா வழிந்ததா, மருந்தால் வழிந்ததா, எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பயம் நான் முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. ஊரே சுற்றி நிற்கிறது, ஒரு ஆளும் எனக்கு இல்லை.

அந்தப் பிள்ளையின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் வெடுக்கென்று இழுத்தேன். அது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது. என் பிடிக்குள் வளையல்கள் நொறுங்கிக் கீழே சிதறின.

சிரிப்பு நின்றது. வளைகாப்பு வீட்டில், மாசமான பெண்ணின் கையில், வளையலை யாரும் விளையாட்டுக்கு உடைக்க மாட்டார்கள். நான்கூட மாட்டேன். அது அவர்களுக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பாவி! என் பேரப்புள்ளைக்கு என்னடி பண்ணுன?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கட்டும் என்று விட்டேன். "வாயைக் கொப்பளிக்க வையுங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. சேலையை மாத்துங்க" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும் ஓடினார்கள்.

வேனில் பிள்ளையும் அம்மாவும் சம்பந்தியும் நானும் ஏறினோம். பிள்ளையின் புருஷன் ஓட்டினான். கதவை மூடப்போகும்போது என் வீட்டுக்காரர் அந்தச் சிரப்பு போத்தலை ஒரு பையில் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். மரத்தடிக்கு வேறு ஆளை நிறுத்தியிருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவர் மேல் வீசிய வாடையே சொல்லிவிட்டது. கண்ணாடியை எல்லாம் திறந்துவிட்டார்கள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரி அப்படி ஒன்றும் தூரம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை. கீழிருந்து ஸ்ட்ராபெரி தின்ன வருகிறவர்களின் கார் பாம்பு மாதிரி மலையைச் சுற்றி நிற்கும். ஒரு வளைவு தாண்டினோம், அப்புறம் நின்றுவிட்டோம். முன்னால் ஒரு டூர் பஸ். அதன் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்தியது. பிள்ளையின் புருஷன் ஹாரனை அழுத்தியபடியே அழுதான்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல பாட்டி."

"தலை சுத்துதா?"

"வேன்ல போனா எனக்கு எப்பவும் சுத்தும்."

"புள்ள அசையுதா?"

வயிற்றில் கை வைத்துப் பார்த்தது. "அசையுது." கொஞ்ச தூரம் ஊர்ந்தோம். மறுபடி கேட்டேன். பிள்ளை கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்துப் பார்த்தது. "இப்ப தெரியல பாட்டி" என்று சொன்னபோது அதன் உதடு கோணியது. என் வீட்டுக்காரர் பின்சீட்டில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பூச்சிக்குத்தான் அடிச்சேன்" என்று யாரிடமோ சொன்னார்.

புருஷன்காரன் வண்டியை விட்டு இறங்கிப் போய், முன்னால் நின்ற கார்களின் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான். ஒவ்வொன்றாக ஓரம் கட்டினார்கள். டூர் பஸ்ஸும் ஒதுங்கியது. ஒரு மலாய்க்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் முன்னால் போய், எதிரே வந்த வண்டிகளை நிறுத்தி வழி விட்டான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோனதும் டாக்டரம்மா மலாயில் கேட்டது ஒரே கேள்விதான். என்ன மருந்து? போத்தலை நீட்டினோம். அதன் மேல் ரோஸ் படமும் சிரப்பு என்ற எழுத்தும்தான் இருந்தன. டாக்டரம்மா போத்தலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மூடியைத் திறந்து தூரத்தில் வைத்து மோந்தார். மருந்தின் பேர் தெரிந்தால் பார்க்கிற வைத்தியம் சரியாக இருக்கும் என்றார். என் வீட்டுக்காரருக்குப் பேர் தெரியாது. அவருக்கு மருந்து என்றால் பம்பில் ஊற்றுவது, அவ்வளவுதான்.

மகனுக்குப் போன் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு தாப்பா இறக்கத்தில் போய்க்கொண்டிருப்பான், அங்கே காட்டுக்குள் லைன் இருக்காது. என் வீட்டுக்காரர் நடைவழியில் நின்றுகொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை. உள்ளே பிள்ளைக்கு ஏதோ ஊசி ஏற்றுவது தெரிந்தது. சம்பந்தியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே என்னைத் திட்டவும் செய்தாள். இரண்டும் ஒரே குரலில் வந்ததால் எது யாருக்கு என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

கடைசியில் மகன் கிடைத்தான். "என்னப்பா?" என்ற அவன் சத்தம் எனக்கே கேட்டது. இவர் "அது வந்து, அது வந்து" என்று இழுத்தார். போனைப் பிடுங்கி நான்தான் சொன்னேன். அவன் லோரியை ஓரம் கட்டிவிட்டு, தோட்டத்துச் சீன முதலாளியைக் கூப்பிட்டு, மருந்து டின்னைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். படம் வந்தது. டாக்டரம்மா அதை விரலால் பெரிதாக்கிப் படித்துக்கொண்டே உள்ளே போனார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். படித்தவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

எவ்வளவு நேரம் ஆனதோ. நர்ஸ் மிஸ்ஸி வந்து எங்களில் ஒருவரை உள்ளே கூப்பிட்டாள். அம்மாக்காரி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி என்னைப் பார்த்தாள். "நீயே போ. நல்லதோ கெட்டதோ நீயே கேட்டுட்டு வா" என்றாள். போனேன். பிள்ளை படுத்திருந்தது. வயிற்றில் ஏதோ பட்டை கட்டியிருந்தது. மிஸ்ஸி பக்கத்தில் இருந்த பெட்டியில் ஒரு குமிழைத் திருகினாள். முதலில் கரகரவென்று இருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. தேயிலை ஆலையில் சல்லடை எந்திரம் ஆடுகிற மாதிரி, நிற்காமல், அவசர அவசரமாக. அதுதான் குழந்தை என்றாள்.

நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துப்பியது நல்லதாயிற்று, உள்ளே போனது கொஞ்சம்தான், ஆனாலும் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மறுநாள் விட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தை பிறந்து இப்போது தவழ்கிறது. எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுக்க வேன் லயத்துக்குத் திரும்பியது. நானும் என் வீட்டுக்காரரும் அதில் வந்தோம். திரும்பிப் பார்த்தால் அவர் தன் உள்ளங்கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்துப் பின்பக்கத்துக் கால்வாயைப் பார்த்ததும் எனக்கு மறுபடி திக்கென்றது. சாம்பார், ரசம், பருப்பு, என்னென்னமோ கொட்டிக் கிடந்தது. எல்லாவற்றின் மேலும் என் மரத்து இலை மிதந்தது. நாங்கள் போன வேனின் புகை அடங்குவதற்குள் ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு ஓடி அடுப்பில் இருந்ததைக் கொட்டியிருக்கிறாள். கொட்டியதைக் கண்ணால் பார்க்கிறேன். அதற்கு முன்னால் தின்றதை யார் பார்ப்பது?

வேன் நின்றதும் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை எப்படி, குழந்தை எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். கேட்டுவிட்டும் யாரும் நகரவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக என் பக்கம் வந்தாள்.

"பாட்டி, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்குறேன். ரசத்துல போட்டுக் கொதிச்சா மருந்து செத்துப் போயிடும் தான?"

"யாரு வச்ச ரசம்?"

"யாரும் வைக்கல. பொதுவா."

அவள் புருஷன் அவளுக்குப் பின்னால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்தக் குளிரில் அவனுக்கு வேர்த்திருந்தது. மற்றவர்களும் என் வாயையே பார்த்தார்கள். யார் பறித்தது என்று இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை இல்லை என்பார்கள். இல்லை என்றபடியே போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

"இங்க பாருங்க" என்றேன். "பனி வெலகுறதுக்கு முன்னாடி பறிச்சவங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க. பனி வெலகுனதுக்கு அப்புறம் பறிச்சு வாயில வச்சவங்க, இந்த வேன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவுது, ஏறிக்குங்க. யாரு பறிச்சா, எவ்வளவு பறிச்சானு நான் பாக்க மாட்டேன். இந்தா, கண்ண மூடிக்கிட்டேன்."

மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு செருப்புச் சத்தம். அப்புறம் ஒரு கொலுசு. யாரோ "இடிக்காத லா, தள்ளு" என்றார்கள். வேன் ஒரு பக்கமாக அமுங்கும் சத்தம் கேட்டது, மறுபடியும் அமுங்கியது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஏதோ எண்ண ஆரம்பித்தார். அவர் வாயைக் கையால் பொத்தினேன்.

கண்ணைத் திறக்காமலே, "கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, வளைவுல தொறந்துக்கும்" என்று மட்டும் சொன்னேன்.